போடிமெட்டில் இரண்டு ஜீப்புகள்

விடிவதற்குச் சற்று முன்னால் போடிநாயக்கனூரில் நின்று பார்த்தால் இரண்டு வகை ஜீப்புகள் மலையேறுவதைக் காணலாம். ஒன்று ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்வது. மடியில் தூக்குவாளி, ஒருத்தியின் காலுக்கிடையில் இன்னொருத்தியின் கால், கடைசியாக ஏறியவள் பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி பாதி வெளியே. மற்றொன்று சனி, ஞாயிறுகளில் வருவது. முழங்கால் உயரத்துக்கும் மேலான டயர்கள், கூரைமேல் விளக்கு வரிசை, முன்னால் வின்ச், பின்கண்ணாடியில் வீர வாசகம். உள்ளே பெரும்பாலும் ஆண்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டு வண்டிகளுக்கும் பொதுவானவை.

என் அம்மா முதல் வகை ஜீப்பில் இருபது வருஷத்துக்கு மேல் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் வேலைக்குப் போய்வந்தவர். நான் இரண்டாம் வகை ஜீப் ஒன்றின் சொந்தக்காரி. ஒரே வாகனம் ஒரு பெண்ணுக்குக் கூலியாகவும் அவள் மகளுக்குக் கொண்டாட்டமாகவும் ஆனது எப்படி என்ற கேள்வி, வண்டி வாங்கிய நாளிலிருந்து என்னை விடவில்லை. என் மகிழ்ச்சியைக் குற்றவுணர்வாக மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது, அதை யார் எனக்கு எப்படி விற்றார்கள் என்பதைப் பேசாமல் அதை விடுதலை என்று அழைக்கவும் மனம் வரவில்லை.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1947இல் மஹிந்திரா அதே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. இராணுவம், காவல்துறை, வனத்துறை, பண்ணையார், எஸ்டேட் துரை என்று யாரிடம் அதிகாரம் இருந்ததோ அவர்களிடம் ஜீப்பும் இருந்தது. கிராமத்தில் ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் உள்ளே போய்விடும் காலம் ஒன்று இருந்ததை எங்கள் பாட்டிகள் சொல்வார்கள். அந்த நினைவை இன்றைய விளம்பரங்கள் துடைத்துவிட்டன என்று சொல்ல முடியாது. வேறு நிறத்தில் பூசியிருக்கின்றன. காட்டையும் மலையையும் ‘வெல்’, ‘அடக்கு’, ‘உன்னுடையதாக்கு’ என்பதே இவ்வகை விளம்பரங்களின் மொழி. சேற்றைக் கிழித்துப் பாயும் வண்டி, பானட்டின்மேல் காலூன்றி நிற்கும் ஆண், கீழே பரந்து கிடக்கும் நிலம். அந்த நிலத்தில் யாரும் வசிப்பதில்லை, யாரும் வேலை செய்வதில்லை. ஏலக்காய் பறிப்பவள் அந்தச் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் ‘யாரும் தொடாத நிலம்’ என்ற கதை அங்கேயே முடிந்துவிடும்.

நம் சினிமாவும் பெண்ணுக்கு வண்டியில் ஓர் இடத்தை உறுதிசெய்து வைத்திருக்கிறது: ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கை. ‘பையா’வில் (2010) பெங்களூரிலிருந்து மும்பைக்கு அவன் ஓட்டுகிறான், அவள் அழைத்துச் செல்லப்படுகிறாள். ‘பண்ணையாரும் பத்மினியும்’ (2014) எனக்கு மிகவும் பிடித்த படம். அதிலும் முதிய பண்ணையார் கார் ஓட்டக் கற்று மனைவியைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் போவதுதான் இருவரின் கனவும். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அம்மாளும் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமே என்று கதைக்குள் யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் கவனிக்கிறேன்.

இந்தக் கற்பனைக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு பொய்: கரடுமுரடான பாதையில் ஓட்ட உடல்பலம் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஜீப்பில் வழக்கமான கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருக்கும். அதை ‘லோ’வுக்குத் தள்ளினால் வண்டியின் வேகம் குறைந்து சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். அதன்பிறகு வண்டி நடக்கும் வேகத்தில் பாறைமேல் ஊர்ந்து ஏறும். இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். மணலிலும் சேற்றிலும் டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மண்ணைக் கவ்வும். இவற்றில் எதற்கும் புஜபலம் தேவையில்லை. பொறுமை வேண்டும், காது வேண்டும், அவசரப்படாத கால் வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சேற்றை வாரியிறைப்பவன் படத்தில் அழகாகத் தெரிவான். பெரும்பாலும் அவன்தான் சிக்கிக்கொண்டு கயிறு கேட்பான்.

2001இல் டக்கார் பந்தயத்தை ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் வென்றார். ஒட்டுமொத்த வெற்றி, பெண்கள் பிரிவு என்ற தனி வரிசையில் கிடைத்ததல்ல. இயற்பியல் படித்த பொறியாளர் அவர். இன்னும் பின்னால் போனால் 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் இருக்கிறார். கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு சுமார் 100 கிலோமீட்டர், மாட்டுவண்டித் தடங்களில், மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது வழியில் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், மலையேற இன்னொரு கியர் வேண்டும் என்று ஊர் திரும்பிக் கணவரிடம் சொன்னார். உலகின் முதல் நெடும்பயணமும், பிரேக்குக்கான முதல் தோல் பட்டையும், மேட்டுக்கான கியர் வேண்டும் என்ற எண்ணமும் ஒரு பெண் ஓட்டிப் பார்த்து, தடுமாறி, கண்டுபிடித்தவை. என் ஜீப்பின் குட்டி லீவரைத் தொடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

வண்டி வாங்கியதற்கு வருகிறேன். பழைய டீசல் ஜீப், என் சேமிப்புப் பணம். தரகர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்குப் பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தே பேசினார். அவனுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. பட்டறையில் ‘சார் வரலையா?’ என்றார்கள். பதிவுப் படிவத்தில் என் பெயருக்குக் கீழே இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று எழுத ஒரு கட்டம். ஆண்களுக்கும் ‘மகன்’ உண்டு. ஆனால் ‘கணவன்’ இல்லை. ஒருத்தியின் கணவன் என்று எந்த ஆணும் அடையாளப்படுத்தப்பட வேண்டியதில்லை. இவை பெரிய கொடுமைகள் இல்லை. ஆனால் இயந்திரத்தைச் சொந்தமாக்குவது என்பது பணம் கட்டுவதோடு முடிவதில்லை. அதைப் பற்றிப் பேசும் உரிமையையும் தனியாக, தவணை தவணையாக, வாங்க வேண்டியிருக்கிறது. என் கையில் கிரீஸ் படிந்த பிறகுதான் மெக்கானிக் அண்ணன் என்னிடம் நேராகப் பேசத் தொடங்கினார். இன்று அவர் ‘கிளட்ச் சத்தம் எப்படிக் கேக்குது, நீங்களே சொல்லுங்க’ என்கிறார். அந்தக் கேள்வி எனக்கு எந்தப் பாராட்டைவிடவும் பெரிது.

வண்டியை மாற்றியமைப்பது இந்தக் கலாச்சாரத்தின் இதயம். அதை ஒரு பிரதியாக வாசித்தால் ஆண்மையின் பதற்றம் எழுத்துக்கு எழுத்து தெரியும். வண்டியை உயர்த்துகிறார்கள், உயர்த்தினால் ஈர்ப்பு மையம் மேலேறி வளைவில் கவிழும் ஆபத்து கூடும். டயரைப் பெரிதாக்குகிறார்கள், வேகமானி குறைத்துக் காட்டும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுகிறார்கள். மோதினால் நடந்து போகிறவர்மேல் அடி பலமாக விழும். அதனாலேயே 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இருந்தும் இந்த மாற்றங்கள் நடக்கின்றன. பெரும்பாலானவை பாதைக்காகச் செய்யப்படுவதும் இல்லை. பாறை இடிக்காமல் அடிப்பகுதிக்குக் கவசம், சிக்கினால் இழுக்க உறுதியான கொக்கி ஆகியவைதான் மலையில் உதவுபவை. அவை வெளியே தெரியாது. அதனால் கடைசியில்தான் வாங்கப்படுகின்றன.

சட்டம் பெண்ணுடலை எங்கே நினைத்துப் பார்த்திருக்கிறது என்று தேடினேன். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், காலூன்ற இடமும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும் வேண்டும். நாம் ‘சேலை கார்டு’ என்று அழைப்பது அதைத்தான். உயிர் காக்கும் நல்ல விதி. கூடவே, பெண் எந்த இருக்கையில் இருப்பாள் என்ற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது.

தோட்ட ஜீப்புகளும் மாற்றியமைக்கப்பட்டவைதான். அவற்றைப் பற்றி எந்த வாகன ரசிகரும் எழுதுவதில்லை. அங்கே மாற்றம் என்பது இன்னும் நான்கு பேரை ஏற்றுவதற்கான ஏற்பாடு: நீளவாக்கில் பலகை, தொங்குவதற்குக் கம்பி, பின்கதவு கழற்றிய இடத்தில் கூடுதல் மிதிபடி. பெண்களின் எண்ணிக்கையே அந்த வண்டியின் பொருளாதாரம். ஒரு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத்திலிருந்து பெண்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் உருண்டது. இறந்த ஒன்பது பேரும் பெண் தொழிலாளிகள். ‘மலைப்பாதை சாகசம்’ என்ற சொல்லை அந்தச் செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அதே சரிவு, அதே வளைவு, அதே வகை வண்டி. ஆபத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது சாகசம். தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்கு அது வேலைக்குப் போகும் வழி.

ஆகவே, பெண்களும் ஜீப் ஓட்டுகிறார்கள் என்பதைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ளும் பெண்ணியம் எனக்குப் போதவில்லை. சந்தை அந்தக் கொண்டாட்டத்தை உடனே வாங்கிக்கொள்ளும். ஆணை இறக்கிவிட்டு அதே பானட்டின்மேல் ஒரு பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுக்கும். கீழே நிலம் மறுபடியும் ஆளற்றே கிடக்கும். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தேயிலைத் தொழிலாளிகள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, ‘பெம்பிளை ஒருமை’ என்று, அந்த நாட்களில் சுற்றுலா வண்டிகள் ஓட முடியவில்லை. மலைச்சாலை யாருடையது என்ற கேள்விக்கு நான் பார்த்த மிகத் தெளிவான பதில் அதுதான். அவர்களில் யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கவில்லை.

அப்படியானால் என் மகிழ்ச்சிக்கு என்ன பெயர்? யோசித்துப் பார்த்தால், நான் மகிழும் தருணங்களில் வெற்றி எதுவும் இல்லை. லோ கியரில் வண்டி மூச்சுவிட்டு ஏறுவது, சக்கரத்துக்கடியில் கல் நகர்வது இடுப்புவழியே தெரிவது, ஆறு மணிக்குமேல் எங்கே இருக்கிறாய் என்று கேட்க யாருமில்லாத இடத்தில் நானே எஞ்சினை அணைப்பது. நேரம், தூரம், திசை மூன்றையும் நானே முடிவுசெய்கிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முந்தைய எந்தப் பெண்ணுக்கும் மூன்றும் ஒருசேரக் கிடைத்ததில்லை. அதற்காக ஓடைக்குள் இறங்கிக் கலக்கவோ புல்வெளியில் தடம் கிழிக்கவோ தேவையில்லை. சோலைப் புல்வெளியில் ஒரு சக்கரத்தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும். இருக்கிற பாதையிலேயே வேண்டிய அளவுக்குக் கல் கிடக்கிறது.

அம்மாவை முதல்முறை முன்சீட்டில் ஏற்றியபோது நான் நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றிப் பெருமையாக விளக்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து சாத்தி, மறுபடி திறந்து சாத்திப் பார்த்தார். ‘இது நல்லாச் சாத்துதே பாப்பா’ என்றார். பிறகு எதிரே கையை நீட்டித் தடவினார். ‘பிடிக்க ஒரு கம்பி போட்டுரு. அது இருந்தாப் போதும்.’

மறுநாள் பட்டறைக்குப் போனேன். இதுவரை அந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களில் விலை மிகக் குறைந்தது அதுதான். இப்போது நாங்கள் மேட்டில் ஏறும்போது எதிரே தோட்ட ஜீப் வந்தால் அம்மா கம்பியை விட்டுவிட்டுக் கையை அசைக்கிறார். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அவரை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் வண்டியை ஓரம்கட்டி அவர்களுக்கு வழிவிடுகிறேன். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. பாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வழிவிடுவது அம்மா சொல்லிக்கொடுத்தது.