கண்ணீர் கழுவாத கணக்கு

தமிழ்த் திரையுலகம் நமக்களித்த துயரக் காட்சிகளுள் 'பாசமலர்' படத்தின் முடிவுக்கு ஈடானது வேறொன்று உண்டா என்று கேட்டால், உண்டென்று சொல்லத் துணிபவர் சிலரே. பார்வையிழந்த தமையன், உயிர் பிரியும் தங்கையின் கரங்களைப் பற்றியபடி, பிள்ளைப் பருவத்துக் கைவீசும் பாட்டைத் தழுதழுக்கச் சொல்கிறான். இருவரும் ஒருசேர மடிகின்றனர். சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அந்தச் சில நிமிடங்களிற் காட்டிய திறமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. நானும் அழுதிருக்கிறேன், என் தாயாரின் அருகில் இருந்து, ஒரு முறையல்ல, பல முறை. ஆனால் அழுகை ஓய்ந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இப்படத்தில் யார், எதற்காக வருந்துகிறார்கள்?

அ. பீம்சிங்கின் இயக்கத்தில் 1961-ஆம் ஆண்டு வெளிவந்த இப்படத்தின் தொடக்கம் கண்ணீரில் இல்லை, ஆலையில் இருக்கிறது. இதனை நம் ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ராஜசேகரன் ஓர் ஆலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட, அவன் வேலையிழக்கிறான். பொம்மை செய்து தங்கை ராதா சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே முதலாகிறது. அவன் செல்வனாகிறான், தான் கூலியாக நின்ற அதே ஆலையை விலைக்கு வாங்குகிறான். பழைய தோழன் ஆனந்தன் அங்கே வேலைக்கு வருகிறான், தொழிலாளர் சார்பில் கூலி உயர்வு கேட்கிறான், முதலாளி மறுக்கிறான், வேலைநிறுத்தம் மூள்கிறது.

எத்துணை அரிய கரு! நேற்றுவரை கூலியாயிருந்தவன் இன்று கூலி மறுக்கிறான். மனிதனின் நெஞ்சு எவ்வளவு விரைவில் இடம் மாறிவிடுகிறது என்பதை ஆராய இதைவிட ஒரு நல்ல களம் வாய்க்குமா? திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு இது புத்தகத்துச் செய்தியன்று. 1957-இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபோது, டொக்யார்ட்டை நம்பி அடுப்பெரிந்த வீடுகள் பல இங்கே இருந்தன. படலை மூடிய பின் தொழிலாளியின் வீட்டில் என்ன நிகழும் என்பதை நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்ணால் கண்ட தலைமுறைதான் அன்று இப்படத்தைப் பார்க்கச் சென்றது.

அவர்களுக்குப் படம் தந்த விடை ஒரு திருமணம். ராதா ஆனந்தனைக் காதலிக்கிறாள். ஆயினும் அண்ணனுக்காகக் காதலையும் துறக்கச் சித்தமாயிருக்கிறாள். அதை அறிந்த அண்ணன் உருகுகிறான். தானே முன்னின்று மணம் முடித்துவைக்கிறான். கூலி கேட்டவன் மைத்துனனாகிறான். அத்தோடு கதையின் கவனம் ஆலையை விட்டு அகன்று வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பின்னர் எத்தனையோ பேர் எத்தனையோ பிழைக்காகக் கலங்குகின்றனர். தன்னோடு ஒருகாலத்தில் தோள்கொடுத்து நின்றவர்களை வெறுங்கையோடு திருப்பியதற்காக ராஜசேகரன் கலங்கும் ஒரு கணத்தைக் கதையின் மையத்தில் நான் காணவில்லை. ராதாவின் உழைப்பில் பிறந்த முதல் என்பதும் பாசத்தின் சின்னமாக நிற்கிறதே ஒழிய உழைப்பாக மதிக்கப்படுவதில்லை.

சரி, குடும்பத்துக்குள்ளேனும் பொறுப்பு முறையாகப் பங்கிடப்படுகிறதா? அதுவும் இல்லை. ஆனந்தனின் அத்தை ஒருத்தி வருகிறாள். கோள், பொறாமை, பிரிவு யாவும் அவளிடமிருந்தே ஊற்றெடுக்கின்றன. பிறர் தயவில் ஒதுங்க வந்த ஒரு பெண்ணின் தலையில் முழுப் பழியையும் சுமத்திவிட்டால், படித்த கணவனும் பணம் படைத்த அண்ணனும் தம்மைத் தாமே விசாரிக்க வேண்டிய தேவை அற்றுப்போகிறது.

எங்கள் பகுதியார்க்கு இன்னுமோர் இடறல் உண்டு. மணமகன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வதைப் படம் கலகத்தின் வித்தாகக் காட்டுகிறது. கீழ் மாகாணத்திலோ பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைப்பதே வழக்கம். தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போடும் தமையன்மார் இங்கு ஏராளம். கல்லும் சீமெந்தும் கடனுமாகவே பாசம் இங்கே அறியப்படுகிறது. சண்டையும் அவற்றின்மேல்தான் வருகிறது. அத்தைமாரின் நாவினால் மட்டும் வருவதில்லை.

காலங்கடந்த கழிவிரக்கத்தை நம் இலக்கியம் அறியாததா? சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினையுங்கள். சிலம்பு உடைகிறது, தன் தேவியின் சிலம்பிலிருந்தது முத்து, இதிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். அவனும் சாகிறான்; ஆனால் அதற்குமுன் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாகிறான். குற்றம் தன்னுடையதென்று, தான் கெடுத்த பெண்ணின் முன்னிலையில், நிறைந்த அவையில், தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அப்போதும் இளங்கோ மதுரையைக் காப்பாற்றவில்லை, நகர் எரிகிறது. மன்னன் வருந்தியதால் கண்ணகியின் வழக்குத் தள்ளுபடியாகிவிடவில்லை. 'பாசமலரில்' நடப்பது இதன் மறுதலை. விசாரணை தொடங்குமுன்னரே மரணம் வந்துவிடுகிறது. இறந்தவரிடம் கணக்குக் கேட்பது பண்பாகாது என்று நாமும் எழுந்து வந்துவிடுகிறோம்.

இது குடும்பப் படம், இதில் ஆலையையும் நீதியையும் தேடலாமா என்று நண்பர் சிலர் கேட்பர். ஆலையைக் கொண்டுவந்தவன் நானல்லேன், கதாசிரியர்!

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. என் தாயாருக்கும் அவரது மூத்த தமையனாருக்கும் இடையே ஒரு வேலி வழக்கு இருந்தது. சீதனக் காணியின் எல்லை இரண்டு முழம் உள்ளே தள்ளி அடைக்கப்பட்டதென்பது தாயாரின் முறைப்பாடு. பதினோராண்டுகள் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்தப் பதினோராண்டுகளிலும் 'பாசமலர்' தொலைக்காட்சியில் வந்த இரவுகளில், வேலிக்கு இப்பால் தாயாரும் அப்பால் மாமாவும் அழுதனர். அவர் மூக்குறிஞ்சும் ஒலி எங்கள் விறாந்தை வரை கேட்கும்.

தாயார் இறந்த அன்று மாமா ஓடி வந்தார். செத்தவீட்டில் அவர் அழுத அழுகையைக் கண்டு ஊரே கலங்கியது. அச்சொட்டாகப் பாசமலர்தான் என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவர் கண்ணீர் பொய்யென்று நான் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. முப்பத்தோராம் நாள் வரை தவறாமல் வந்தார். எல்லாக் காரியங்களையும் முன்னின்று செய்தார். காணியைப் பற்றி அவரும் பேசவில்லை. எனக்கும் அவரிடம் கேட்க நாவெழவில்லை.

அடுத்த மாரிக்கு முன் அவர் வேலியைப் பிரித்துப் புதிதாக அடைத்தார். கதிகால்களைப் பழைய குழிகளிலேயே நாட்டினார்.