‘மலைநடைக் கொடுமுடி’ என்னும் வழக்கு

இமயமலைச் செலவு பற்றிய உரைநடை தனியொரு வகையாகக் கொள்ளத்தக்க அளவிற்கு வளர்ந்துள்ளது. எரிக் ஷிப்டனின் ‘நந்தாதேவி’ (1936), மோரிசு எர்சோக்கின் ‘அன்னபூர்ணா’ (1951) முதலிய பெருநூல்கள் திறனாய்வாளர் கருத்தை ஈர்த்துள்ளன. அவற்றின் நிழலிற் கிடக்கும் சிறு நூல்களையோ, முதன்முறை ஏறுவார்க்கென எழுதப்பெறும் வழிகாட்டி நூல்களையோ, ஏறி மீண்டோர் வரையும் குறிப்புகளையோ ஆராய்வார் மிகச் சிலர். ஆயினும் மக்கள் கையிற் பெரிதும் பயில்வன இவையே. நூலின் சொல்லை நம்பி உயிரோடு புறப்படும் வாசகர் ஏனை உரைநடை வகைகளுக்கு அரியர். ஆதலின் இவ்வகையிற் காணப்படும் சொற்குற்றம் நடைக்குற்றம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. இக்கருத்துப் பற்றியே இவற்றின் சொல்லாட்சியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ‘டிரெக்கிங் பீக்’ என ஆங்கிலத்தில் வழங்குவதனை யாம் ‘மலைநடைக் கொடுமுடி’ என்று குறிக்கின்றோம். ‘டிரெக்’ என்பது ஆங்கிலத்திற்குத் தென்னாப்பிரிக்க டச்சுக் குடியினர் மொழியினின்றும் வந்த சொல். எருது பூட்டிய வண்டிகளில் குடும்பத்தோடு வெளிநிலம் கடந்து செல்லும் நெடும்பயணத்தை அஃது உணர்த்திற்று. பின்னர் நெடிய கால்நடைப் பயணத்திற்காயிற்று. அதன் பின்னர் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட பனிமுடிக்கு அடைமொழியாயிற்று. பொருள் இங்ஙனம் விரிதல் மொழியியல்பே. அதனைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. ஆயின் வண்டித்தடத்தின் எளிமையும் உடன் வந்துவிட்டதே என்பதுதான் எம் கவலை.

இவ்வழக்கு பிறந்தது மலையிலன்று, அலுவலகத்தில். நேபாள மலையேற்றக் கழகம் 1973இல் நிறுவப்பெற்றது. 1978இல் பதினெட்டுக் கொடுமுடிகளுக்கு உரிமச்சீட்டு வழங்கும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பெற்றது. 2002இல் மேலும் பதினைந்து சேர்க்கப்பெற்றன. பெரும்படையாகச் சென்று ஏறும் மலைகளுக்குரிய நடைமுறைத் தொல்லைகளின்றிச் சிறு குழுவினரும் ஏறுதற்கு இசைவு பெறலாம் என்பதே இப்பட்டியலின் பயன். அஃதாவது, ‘மலைநடை’ என்னும் அடை உரிமம் பெறும் எளிமையைக் குறித்ததேயன்றி ஏறும் எளிமையைக் குறித்ததன்று. இதற்குச் சான்று பட்டியலினுள்ளேயே கிடைக்கின்றது. அகன்ற பனிச்சரிவில் நடந்தேறத்தக்க மேராவும், கைதேர்ந்தாரையே திணறச் செய்யும் 6,367 மீட்டர் உயரமுள்ள குசும் காங்குருவும் பழைய பதினெட்டனுள் ஒருங்கே வைக்கப்பெற்றுள்ளன. பின்னர்ச் சேர்ந்த சோலாட்சேயோ, 1982இல் முதன்முதல் ஏறப்பெற்ற செங்குத்தான பனிப்பாறை முடி. இம்மூன்றையும் ஒருபெயராற் சுட்டுவது எதனைப் புலப்படுத்தும்? பில் ஓகானர் 1989இல் வெளியிட்ட நூல் பதினெட்டனையும் தனித்தனியே எடுத்து வரலாறும் வழியும் கூறுகின்றது. ஒருபெயர் விளைத்த மயக்கத்திற்குத் தனித்தனிக் கூற்றே மருந்து என்பதனால் அம்முறை போற்றத்தக்கது.

இனி, இவ்வகை உரைநடையில் எம்மை மிகுதியும் ஈர்த்த சிக்கல் ஒன்றற்கு வருவோம். அது மேராவின் உயரம் பற்றியது.

நூல்கள் பலவற்றினும் விளம்பர ஏடுகளினும் மேராவின் உயரம் 6,654 மீட்டர் என்று காணப்படும். நிலவரை அளவையோ 6,476 என்கின்றது. இடைவேறுபாடு 178 மீட்டர். மீண்டும் அளந்தபோது தோன்றிய சிறு திருத்தம் என்று இதனைக் கொள்ளுதற்கில்லை, அத்துணைப் பெரிது. காரணம் ஆராய்ந்தோர் கண்டது வேறு. அப்பகுதியிலேயே உள்ள, ‘கொடுமுடி 41’ என்று எண்ணாற் சுட்டப்பெறும் பிறிதொரு மலைக்கு, நேபாள மலைகளின் பட்டியல் ஒன்றில் மேரா என்னும் பெயர் தவறாக இடப்பெற்றது. மலைநடைக் கொடுமுடிகளின் பட்டியலை வகுத்தோர் அப்பெயரைக் கண்டு அதன் எதிரே நின்ற எண்ணை அப்படியே பெயர்த்தெழுதினர். முதனூலிற் புகுந்த பிழையை வழிநூல்களும் சார்புநூல்களும் அடியொற்றின. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ஒரு பாட்டின் அடிக்கீழ் மற்றொரு பாட்டின் குறிப்பை எழுதிச் சென்ற ஏடெழுதுவோரை நாம் அறிவோம். மூலம் எது, பெயர்ப்பு எது என்று வினவாது எண்ணிக்கையால் முடிவு கட்டுவோமாயின் 6,654 என்பதே ‘பெரும்பான்மைப் பாடம்’ என்று அமைந்துவிடும். பல படிகளிற் காணப்படுதல் ஒன்றே பாடத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான காட்டுக் கிடைப்பது அரிது.

பிழை நிலைத்தமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. 6,654 என்ற எண் மேராவை மலைநடைக் கொடுமுடிகளுள் மிக உயர்ந்ததாகப் பெருமிதம் தோன்றக் காட்டுகின்றது. ஏறியவர்க்கும் அழைத்துச் செல்வார்க்கும் அவ்வெண் இனிக்கின்றது. உண்மையான எண்ணும் சிறியதன்று என்பதனை இவர்கள் எண்ணுவதில்லை.

இதனோடு அமையவில்லை. மேரா மூன்று முடிகளையுடையது. வடமுடியே 6,476 மீட்டர், நடுமுடி 6,461, தென்முடி 6,065. 1953 மே 20ஆம் நாள் ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் ஏறியது நடுமுடி. வடமுடியில் 1975இல் பிரெஞ்சு நாட்டினர் மூவர் முதன்முதல் ஏறினர் என்று கருதப்படுகின்றது. இன்று வழிகாட்டியோடு செல்லும் குழுவினர் பெரும்பாலும் நடுமுடியிலேயே நின்று மீள்கின்றனர். எனவே, ஒருவர் 6,461 மீட்டர் ஏறி, 6,476 என்று கருதி, 6,654 என்று எழுதுதல் கூடும். பொய் கூறும் கருத்து அவர்க்கு இல்லை. அவர் கற்ற நூல் அங்ஙனம் கற்பித்தது.

சென் டென்சிங் பற்றி ஒரு சொல். 1937இல் ஷக்ஸ்காம் பகுதிக்கு ஷிப்டனோடும் டில்மனோடும் சென்றவர் இந்த ஷெர்பா. 1951இல் மென்லுங் பனியாற்றில் ‘எட்டி’யின் அடிச்சுவடு எனப்பட்டவற்றை ஷிப்டனும் மைக்கேல் வார்டும் கண்டபோது உடனிருந்தவரும் இவரே. ராபர்ட்ஸ் 1964இல் காட்மாண்டுவில் மலைநடைக்கென நிறுவனம் தொடங்கி அத்தொழிற்குத் தந்தை எனப் பெயர் பெற்றார். அவர் வரலாறு விரிவாக எழுதப்பெறுவது முறையே. ஆயின் ‘ராபர்ட்ஸ் ஏறினார்’ என்று ஒருமையில் எழுதுவது இலக்கணத்திற்கும் வரலாற்றிற்கும் ஒவ்வாது. கயிற்றின் இரு முனையிலும் ஆள் இருந்தனர்.

அடுத்து ‘எளிது’ என்னும் சொல். மலைவழிகளின் கடுமையைத் தரப்படுத்தும் பிரெஞ்சு முறையில் அடிநிலை ‘எளிது’ என்றும், அதற்கு மேனிலை ‘சிறிதே கடினம்’ என்றும் பெயர் பெறும். மேராவின் வழக்கமான வழி இவ்விரண்டன் எல்லையில் வைக்கப்படும்; இம்ஜாட்சே சற்று மேலே நிற்கும். அம்முறை பிறந்த ஆல்ப்ஸ் மலையின் தலைமுடியே ஏறத்தாழ 4,800 மீட்டர்தான். அவ்வுயரத்தைக் கடந்தபின் அச்சொற்களுக்கு அவ்வாற்றல் இல்லை. 5,500 மீட்டர் அளவிற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தின் பாதியாகின்றது. ஆங்கு ஒருவரை வீழ்த்துவது சரிவின் செங்குத்தன்று; நுரையீரலில் நீர் கோத்தலும் மூளை வீங்குதலும் ஆம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துதல் வேண்டும் என்பதும், மூன்று நான்கு நாட்கொருமுறை தங்கி இளைப்பாறுதல் வேண்டும் என்பதும் மருத்துவர் கூற்று. மேராவிற்கு 2,800 மீட்டர் அளவிலுள்ள லுக்லாவில் இறங்கி, 4,600 மீட்டர் உயரமுள்ள சாத்ர்வா லாவை உடனே கடக்கும் குறுக்குவழி ஒன்றுண்டு. நாட்கணக்கு மிச்சமாகும், உடல் பழகுதற்கு வாய்ப்புக் குறையும். ‘எளிய மலை’ என்று படித்தவரே இவ்வழியைத் துணிவர். சொல்லுக்கும் கேட்டிற்கும் உள்ள தொடர்பை இதனினும் நேராகக் காட்டல் இயலாது.

ஈண்டு நம் மரபிலுள்ள ஆற்றுப்படையை நினைத்தல் இயல்பு. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் வழியின் வளத்தைக் கூறுமளவிற்கு வழியின் ஏதத்தையும் கூறுகின்றது. பன்றிக்கென அமைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் ஆகியவற்றை இன்ன இடத்து இன்னவாறு காத்துக்கொள்க என்று ஆற்றுப்படுத்துகின்றது. அறிந்தவன் அறியாதவற்கு உரைத்தல் என்னும் அமைப்பே அப்பொறுப்பைப் புலவர்மேல் ஏற்றிவிடுகின்றது. அற்றேல், பரிசில் பெறச் செல்வார்க்கு உரைத்ததனையும் பொருள் செலவிட்டு ஏறுவார்க்கு உரைப்பதனையும் ஒப்பிடலாமோ எனின், பயன் வேறாயினும் கடமை ஒன்றே என்க. வழிகாட்டும் உரைநடையின் தகுதியை, அது காட்சியை எத்துணை அழகாக வருணிக்கின்றது என்பதனைக் கொண்டன்று, ஏதத்தை எத்துணை இடஞ்சுட்டிக் கூறுகின்றது என்பதனைக் கொண்டே அளத்தல் வேண்டும். ‘உடல்நலமுடைய எவரும் ஏறலாம்’ என்னும் பொதுத்தொடர் இவ்வளவையில் தேறாது. ‘இறுதிச் சரிவில் நிலைக்கயிறு பற்றி ஏறுக, கயிற்றில் இறங்கும் முறையைக் கீழேயே பயின்று வருக’ என்னும் தொடர் தேறும்.

இறுதியாக இம்ஜாட்சே. திங்போச்சேயிலிருந்து நோக்குங்கால் பனிக்கடலிடைத் தீவுபோலத் தோன்றுதலின் ஷிப்டன் குழுவினர் இதற்குத் ‘தீவுக் கொடுமுடி’ என்று பெயரிட்டனர் என்பர். 1953இல் எவரெஸ்டு ஏறப் புறப்பட்ட ஆங்கிலக் குழுவினர் பயிற்சிக்காக இதன்மேல் ஏறினர். 1983இல் இம்ஜாட்சே என்று அரசு வழக்கில் மாற்றப்பெற்றது. ‘ட்சே’ என்பது கொடுமுடி. லோட்சே தென்முடி, நுப்ட்சே மேற்கு முடி. பெயர் மாறியும் பழம்பெயரே பெருவழக்காக உள்ளது. 6,189 மீட்டர் என்று அளவு கூறப்படும் இம்முடிக்கு வருவோர் இன்றும் ‘தீவு’ என்றே கூறுகின்றனர். ஆயின் உவமைக்கு நிலமாகிய பனிக்கடல் அவ்வாறே நிற்கவில்லை. ஷிப்டன் கண்ட நாளில் மலையின் தெற்கே பனியாற்றின்மேற் சிறு குட்டைகளே இருந்தன. பனி உருக உருக அவை ஒன்றாகி ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஏரியாயின. கரை உடையுமோ என்னும் அச்சத்தால் 2016இல் நேபாளப் படையினர் கால்வாய் வெட்டி அதன் நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் தாழ்த்தினர். மேலேயும் பனிப்பிளவுகள் விரிந்து, அண்மை ஆண்டுகளில் ஏணியிட்டுக் கடக்க வேண்டுவனவாயின. ஷிப்டனின் உவமையைத் தவறாது எடுத்தெழுதும் நூல்கள் பழைய வழிக்குறிப்பையும் அதனோடு சேர்த்தே எடுத்தெழுதுகின்றன. அடுத்த பதிப்பிற் பெயர் வரலாறு அவ்வாறே இருக்கட்டும். வழிக்குறிப்பை மட்டும் அவ்வாண்டு ஏறி மீண்ட ஷெர்பா ஒருவரைக் கேட்டு எழுதுதல் வேண்டும். அவர் பெயரையும் உடன் பொறித்தல் வேண்டும்.