தொப்பிக்காரரின் மாளிகைகள்

ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது அவருடைய மனச்சிதைவு நோய். அடுத்து, 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டது. படங்களின் முறை அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால்தான் அவரை நியாயமாக மதிப்பிட முடியும்.

பேனாவும் மையும் கொண்டு காகிதத்தில் வரைந்தவையே அவருடைய ஆகச் சிறந்த படங்கள். தூண் மேல் தூணாக மாளிகைகள், படிக்கட்டுகள், பாம்புகள், சிறகு முளைத்த உயிர்கள், மிதக்கும் பெண்கள். இவற்றுக்கு நடுவே தொப்பி அணிந்த ஓர் ஆள்; அது அவரேதான். கிட்டப் போய்ப் பாருங்கள். தள்ளி நிற்கும்போது நிழலாகத் தெரிந்த இடமெல்லாம் மெல்லிய கோடுகளாகப் பிரியும். குறுக்கும் நெடுக்குமாக, அடுக்கடுக்காக இழுத்த கோடுகள். இருட்டு வேண்டிய இடத்தில் நெருங்குகின்றன, வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலகுகின்றன. இவ்வளவு பொறுமையும் கைக்கட்டுப்பாடும் உள்ள வேலையை நோயின் வெளிப்பாடு என்று எப்படிச் சொல்வது?

ஸ்விட்சர்லாந்தில் மனநல விடுதிக்குள் இருந்தபடியே வரைந்த அடோல்ஃப் வோல்ஃப்லியைப் பற்றி அவருடைய மருத்துவர் 1921-இல் ஒரு நூல் எழுதினார். பயிற்சி பெறாதவர்களின் கலையைத் தனி வகையாகப் பார்க்கும் வழக்கம் அதன் பிறகு வலுத்தது. ராமானுஜத்தையும் அந்தப் பக்கம் ஒதுக்கத் தோன்றலாம். அது தவறு. சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர் அவர், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர்.

மேற்கை நகலெடுக்காமல் நவீனமாக இருப்பது எப்படி என்பதுதான் அன்று சென்னை ஓவியர்களை அலைக்கழித்த கேள்வி. பணிக்கர் அதற்கு எழுத்துருக்களிலும் ஜாதகக் கட்டங்களிலும் விடை தேடினார். ராமானுஜம் கோயில் சிற்பத்தையும் அம்புலிமாமா படங்களையும் சினிமா அரங்குகளையும் ஒரே தாளில் கூசாமல் சேர்த்தார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த இயல்பான விடைகளில் ஒன்றாக அவர் படங்களைச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. திரும்பத் திரும்ப அதே மாளிகை, அதே தொப்பி. ஒரு படம் நம்மை உள்ளே இழுக்கும், வரிசையாகப் பார்க்கும்போது சலிப்பு தட்டும். தாளில் கண் இளைப்பாற இடமே விடுவதில்லை. எண்ணெய் வண்ணத்துக்குப் போகும்போது கோட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பெரிய குறை பெண்கள்தான். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே முகம். நாயகனைச் சூழ்ந்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நிறைவேறாத ஆசையின் படங்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்த ஆசையை விலகி நின்று பார்க்கும் கண் அவருக்கு வாய்க்கவில்லை. வயதும் வாய்க்கவில்லை.

இருந்தும் அந்தக் கூட்டத்தின் நடுவே தொப்பிக்காரர் யாரோடும் சேராதவராகவே எனக்குப் படுகிறார். இத்தனைக்கும், 1966-இல் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில்தான் ராமானுஜம் வாழ்ந்தார். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. வரைய இடமும் மதிக்கும் தோழர்களும் அங்கே இருந்தார்கள். நோய்க்கு அது மட்டும் போதாது. மனச்சிதைவு நோயாளிகளுக்கென்றே டாக்டர் சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது 1984-இல். ராமானுஜம் இறந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று தம் மனநலத்தையே பொருளாக எடுத்து வரையும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் பெருகிவருகிறார்கள். அவர்களுடைய படங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் அவற்றைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓவியரின் மருத்துவக் குறிப்பைச் சொல்வதற்கு முன் அவருடைய கோட்டைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள்.