தொடக்குநரின் கையில் ஒரு .22 றிவோல்வர்

தை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். இந்த முறை திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒத்திகை ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் வேலை எனக்கு வந்தது. கூடவே ஒரு பழைய தொடக்கத் துப்பாக்கியும் வந்தது. .22 வெற்றுத் தோட்டா போடும், ஆறு அறை கொண்ட, சிங்கிள் அக்ஷன் றிவோல்வர். இரண்டு நாள் பாவித்தேன்.

சிங்கிள் அக்ஷன் என்றால், ஒவ்வொரு வெடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது உருளை ஓர் அறை சுழன்று பூட்டிக்கொள்ளும். பிறகு விசையை இலேசாகத் தொட்டாலே போதும். தொடக்குநருக்கு இது பெரிய வசதி. நினைத்த கணத்தில் சத்தம் வரும். விசையை நீளமாக இழுக்கவேண்டிய டபிள் அக்ஷனில் அந்தக் கணம் கைக்குள் நிற்காது.

பயம் சுத்தியலில்தான் இருக்கிறது. .22 தோட்டாவின் நடுவில் தனித் தொப்பி கிடையாது. பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. சுத்தியலின் மூக்கு அந்த விளிம்பை அடித்தால் வெடிக்கும். நான் பாவித்த துப்பாக்கியில் சுத்தியல் ஓய்ந்திருக்கும்போதும் அதன் மூக்கு விளிம்பின் மேலேயே கிடக்கிறது. கைதவறிச் சுத்தியல் நிலத்தில் பட விழுந்தால் வெடித்துவிடலாம். 1873இல் வந்த கோல்ட் றிவோல்வருக்கும் இதே குறை இருந்தது; அதனால் விவரமானவர்கள் ஆறு அறையில் ஐந்தையே நிரப்பினார்கள். 1973இல் ரூகர் நிறுவனம் தன் றிவோல்வர்களில் சுத்தியலுக்கும் தோட்டாவை அடிக்கும் ஊசிக்கும் இடையில் ஒரு சிறு உருக்குத் தகட்டை வைத்தது. விசையை இழுத்தால்தான் தகடு மேலெழுந்து அடியைக் கடத்தும். இந்தத் துப்பாக்கியில் அது இல்லை. நானும் ஐந்தோடு நிறுத்தி, வெற்று அறையின் மேல் சுத்தியலை இறக்கிவைத்தேன்.

அப்படியிருந்தும் தவறு நடந்தது. சுத்தியலை இழுத்துவிட்டேன், ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். மெல்ல இறக்கப் பார்த்தபோது வியர்த்த பெருவிரல் வழுக்கி, வெடித்துவிட்டது. கை வானத்தை நோக்கியிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை.

குழாய் அடைத்திருக்கிறது, சன்னம் கிடையாது என்று அலட்சியப்படுத்தாதீர்கள். மேல் துளையால் பீறும் சூட்டு வாயு கிட்ட நின்றால் சுடும். 1984இல் நடிகர் ஜோன்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்புத் தளத்தில், வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி உயிரிழந்தார். அது பெரிய .44 துப்பாக்கிதான், ஆனாலும் பாடம் ஒன்றே. தொடக்கத் துப்பாக்கியின் சத்தமும் காதருகே 140 டெசிபெல்லைத் தாண்டக்கூடியது. காதடைப்பான் இல்லாமல் நிற்க வேண்டாம்.

நேரக்கணிப்பாளர் 100 மீற்றர் தள்ளி முடிவுக் கோட்டில் நிற்கிறார். சத்தம் அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 0.3 செக்கன் ஆகும். அதனால் அவர் புகையைப் பார்த்தே கடிகாரத்தை அழுத்த வேண்டும். இந்தத் துப்பாக்கியின் புகை வெள்ளையாக, தெளிவாக எழுகிறது. மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்கக் கடன்வாங்கிய மின்னணுத் தொடக்கக் கருவியின் வெளிச்சமோ உச்சி வெயிலில் மங்கிப்போனது. ஆனால் அதன் ஒலிபெருக்கிகளை ஓடுபவர்களுக்குப் பின்னால் வைக்கலாம். 400 மீற்றரில் எட்டாம் தடத்துப் பிள்ளை முதல் தடத்துக்கு 50 மீற்றருக்கு மேல் முன்னே நிற்கிறது. அதற்கும் ஒரே கணத்தில் சத்தம் கேட்கும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலும் மின்னணுத் துப்பாக்கிதான்.

போர்க்காலத்தில் நாங்கள் இரண்டு பலகையை அடித்துத்தான் ஓடினோம். வெடிச் சத்தம் அப்போது வேறு சேதி சொல்லும். இந்த முறை என் முதல் வெடிக்கு, மதிலோரம் நின்ற ஓர் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டதைக் கண்டேன்.

பள்ளிக்கூடங்களுக்கு என் தீர்ப்பு மின்னணுக் கருவிதான். காசு இல்லையென்றால் பலகையே போதும். இந்த றிவோல்வரை வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஓர் அலுமாரியிலும் தோட்டாவை வேறோர் அலுமாரியிலும் பூட்டிவையுங்கள். இரண்டு திறப்பும் ஒரே கையில் இருக்க வேண்டாம்.