நாலு அங்குல நடைக்காரர்கள்

குள்ளர் படையின் வேகம் நான்கு அங்குலம். மனிதப் படைக்கு ஐந்து, எல்ஃப் படைக்கு ஆறு, கவசக் குதிரைக்காரர்களுக்கு எட்டு. 'கிங்ஸ் ஆஃப் வார்' விதிப்புத்தகத்தைப் புரட்டும் பலர் இந்த ஓர் எண்ணைப் பார்த்ததுமே குள்ளர்களைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதையும் மீறி நிற்பவர்கள் இரண்டு வகை. தாடியும் கோடரியுமாக நிற்கும் பொம்மைகளின் அழகில் விழுந்தவர்கள் ஒரு வகை. பீரங்கிக்கு ஆசைப்பட்டவர்கள் இன்னொரு வகை. பின்னவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆறடிக்கு நாலடி மேசை, அதன்மேல் குன்று, காடு, சுவர். இரண்டு பேர் ஆளுக்கொரு படையைச் சம புள்ளிக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அளவுகோலும் பகடையுமாக மோதுவது. பொம்மைப் படைகளுக்கு ஆங்கிலத்தில் விதி எழுதிப் பிரபலமாக்கியவர் எச். ஜி. வெல்ஸ், அவருடைய 'லிட்டில் வார்ஸ்' 1913இல் வந்தது. கற்பனை உலகப் படைகளுக்கு இந்த விளையாட்டைத் திருப்பியதில் 1983இல் வந்த 'வார்ஹாம்மர்' முக்கியமானது. கிங்ஸ் ஆஃப் வார் அதன் பங்காளி மாதிரி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் மான்டிக் கேம்ஸ் நிறுவனம் வெளியிடுவது. முதல் வடிவமைப்பாளர் அலெசியோ காவடோரே. இங்கே நான் சொல்லும் எண்களெல்லாம் 2019இல் வந்த மூன்றாம் பதிப்பின் எண்கள்.

கூடங்குளம் மாதிரி ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இந்த விளையாட்டுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பொம்மை ஒவ்வொன்றாகச் சாவதில்லை. இருபது பேர் கொண்ட ஒரு ரெஜிமென்ட் என்பது நூறு மில்லிமீட்டருக்கு எண்பது மில்லிமீட்டர் தட்டு, அவ்வளவுதான். அடிபட்டால் தட்டின் பக்கத்தில் எண்ணிக்கை ஏறும். தட்டு அப்படியே நிற்கும், அல்லது மொத்தமாக மேசையை விட்டுப் போகும். ஆகவே பொம்மை இல்லாமலே ஆடிப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையை அளந்து வெட்டி மேலே பெயர் எழுதினால் படை தயார். அடிகளை எண்ணப் புளியங்கொட்டை போதும். நாட்டிங்ஹாமிலிருந்து பெட்டி வரவழைத்து, கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி, ஒட்டி, வர்ணம் பூசி, அப்புறம்தான் 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று செஸ் கடிகாரம். உன் முறையில் எல்லாப் பகடையையும் நீயே உருட்டுகிறாய். எதிராளிக்கு அந்த நேரத்தில் செய்ய எதுவும் இல்லை. அதனால் ஆளுக்கு இவ்வளவு நிமிடம் என்று கடிகாரம் வைத்து ஆட முடிகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநிலத்தில் செஸ் கடிகாரத்துக்கா பஞ்சம்!

சரி, குள்ளர்கள். அடிப்படை அணி 'அயர்ன்கிளாட்'. கோடரி, கேடயம், இரும்புச் சட்டை. ரெஜிமென்டுக்குப் பன்னிரண்டு பகடை. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். எதிராளிக்கும் நம்மைப் போலவே கவசம் ஐந்து என்றால், பட்ட அடிகளில் ஐந்தும் ஆறும் விழுந்தவைதான் காயம். கணக்கைப் பாருங்கள்: பன்னிரண்டில் ஆறு படும், ஆறில் இரண்டு காயமாகும். பிறகு மனத்திடச் சோதனை. இரண்டு பகடையை உருட்டி, வாங்கிய காயத்தைக் கூட்ட வேண்டும். அயர்ன்கிளாட் ரெஜிமென்டின் எண்கள் 14, 16. கூட்டுத்தொகை 14ஐத் தொட்டால் அணி தயங்கி நிற்கும். 16ஐத் தொட்டால் ஓடிவிடும். இரண்டு காயத்தோடு 16ஐ எட்ட இரண்டு பகடையில் 14 விழ வேண்டும். விழாது. அதாவது அயர்ன்கிளாடும் அயர்ன்கிளாடும் நேருக்கு நேர் மோதினால் முதல் மோதலில், சராசரிக் கணக்குப்படி, ஒன்றும் நடக்காது.

இந்தப் படையின் குணமே இந்தக் கணக்கில் இருக்கிறது. இவர்கள் கொல்ல வந்தவர்கள் அல்ல. நிற்க வந்தவர்கள்.

எதிரே குதிரைப்படை வந்தால்? பதினாறு பகடை, மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அடி, பாய்ச்சலின் பலத்தால் நம் கவசத்தில் இரண்டு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய பதினோரு அடி, அதில் ஏழு காயம். இப்போது நம்மை ஓடவைக்க எதிராளிக்கு ஒன்பது விழுந்தால் போதும். முப்பத்தாறு வாய்ப்பில் பத்தில் நம் அணி காலி, பதினொன்றில் தயக்கம், பதினைந்தில் அசையாமல் நிற்கும். தயக்கத்திலும் குள்ளர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 'தலைக்கனம்' என்று சொல்லத்தக்க ஒரு விதி: தயங்கிய அணி தன் முறை தொடங்கும்போது ஒரு பகடை உருட்டி மூன்றோ அதற்கு மேலோ போட்டால், தயக்கத்தை உதறிவிட்டுத் திருப்பி அடிக்கலாம்.

அதே குதிரைப்படை ஒரு வேலியைத் தாண்டி வந்து மோதினால், பாய்ச்சலின் பலம் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அடிப்பதற்கு மூன்றுக்குப் பதில் நான்கு தேவை. பதினோரு அடி எட்டாகிறது, ஏழு காயம் ஐந்தாகிறது. முப்பத்தாறில் பத்தாக இருந்த ஓட்டம் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. மேசையில் கிடக்கும் ஒரு சாண் வேலிக்கு இவ்வளவு மதிப்பு. குள்ளர் படை ஆடக் கற்றுக்கொள்வதில் முதல் பாடம் கோடரியைப் பற்றியது அல்ல, வேலியைப் பற்றியது.

இரண்டாவது பாடம் நம் ஊர் ஆட்டத்திலேயே இருக்கிறது. கோயில் மண்டபத் தரைகளில் கோடு கீறி வைத்திருக்கும் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. இடத்தைப் பிடித்துப் பிடித்துப் புலிக்குப் போக்கிடம் இல்லாமல் செய்வதுதான் அதன் வெற்றி. ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் முடியாது. குள்ளர் அணிவகுப்பும் இப்படித்தான். முன்வரிசைக்குப் பின்னால், எட்டு அங்குலத்துக்குள், இரண்டாம் வரிசை நிற்க வேண்டும். ஏன் எட்டு? பாய்ந்து தாக்கும் தூரம் வேகத்தைப் போல இரு மடங்கு. முன்வரிசை உடைந்து குதிரைக்காரன் உள்ளே வந்தால், அவன் நிற்கும் இடம் நம் பாய்ச்சலுக்குள் இருக்க வேண்டும். முன்வரிசை உடையாமல் நின்றால் இன்னும் நல்லது. பக்கத்து அணி திரும்பி அவன் விலாவில் விழும். விலாவில் விழுந்தால் பகடை இரட்டிப்பு, முதுகில் விழுந்தால் மும்மடங்கு. குள்ளர்கள் ஆட்களை மேசையை விட்டு அனுப்புவது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு அடியில்தான்.

ஆனால் ஆடு பக்கம் ஆடத் தெரிந்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. வேகம் குறைவு, கவசம் அதிகம், பீரங்கியும் இருக்கிறது. ஆகவே மூலையில் உட்கார்ந்து சுடலாம் என்று தோன்றும். முதலில் சொன்ன இரண்டாம் வகையினர் விழுவது இங்கேதான். இந்த விளையாட்டில் பல போர்க்களங்கள் கொலைக்கணக்கில் முடிவதில்லை. ஆட்டத்தின் முடிவில் மேசையின் நடுவில் யார் பலம் அதிகம், எதிராளியின் பாதிக்குள் யார் அதிகம் நுழைந்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். மூலையில் இருந்தவர் அழகாகச் சுட்டுக்கொண்டே தோற்பார்.

நடப்பதற்கும் கணக்குப் போடுவோம். நாலடி அகல மேசையில் இரு படைகளும் தத்தம் விளிம்பிலிருந்து பன்னிரண்டு அங்குலம் வரை நிறுத்தப்படும். நடுக்கோடு இன்னும் பன்னிரண்டு அங்குலம். நேர்கோட்டில் விரைந்து நடந்தால் முதல் சுற்றிலேயே எட்டு அங்குலம் போய்விடலாம். மீதி நாலு அங்குலம் சாதாரண நடை. இரண்டாம் சுற்றிலேயே நடுக்கோட்டில் கால் ஊன்றிவிடலாம். எதிராளியின் பாய்ச்சல் தூரத்துக்குள் நாமே போய் நிற்பது பயமாகத்தான் இருக்கும். நின்றுதான் ஆக வேண்டும். அடி வாங்கத்தானே இந்தப் படை. சீக்கிரம் நட, நடுவில் உட்கார், அங்கே வந்து மோதும்படி மற்றவனை ஆக்கு. நான் எதிர்கொண்ட எல்ஃப் படைக்கார நண்பர் ஒரு நாள் எரிச்சலோடு சொன்னது இது: "என்னவே, கிட்டத்துல வரவும் மாட்டேங்கீரு, எந்திச்சுப் போகவும் மாட்டேங்கீரு?" குள்ளர் படை சரியாக ஆடப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

பீரங்கிகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஒன்று போதும். குறுக்குவில்லும் துப்பாக்கியும் ஏந்திய 'அயர்ன்வாட்ச்' அணி, நகராமல் நின்ற சுற்றில்தான் சுட முடியும். முன்னால் போகும் படையில் நகர முடியாத அணி ஒரு சுமை. போதாக்குறைக்குப் பெரிய காலாட்படை அணிகளை எடுத்தால்தான் பீரங்கி, தலைவன், ராட்சசன் ஆகியவற்றை எடுக்கும் உரிமையே திறக்கும். விதி எழுதியவர்களே நம்மைக் காலாட்படை பக்கம் தள்ளுகிறார்கள். தள்ளுகிற பக்கம் போய்விடுவது நல்லது.

இந்தப் படையில் உண்மையான ஆச்சரியம் வேறு இரண்டு. ஒன்று 'பிராக் ரைடர்'கள்: வளை தோண்டும் பேட்ஜர் விலங்கின் மேல் ஏறி வரும் வெறியர்கள், வேகம் எட்டு. படையின் ஓரத்தில் இவர்கள் ஓர் அணி இருந்தால் எதிராளியின் கண் அங்கேயே இருக்கும். இன்னொன்று மண்ணிலிருந்து எழும் பூதங்கள். இவை விரைந்து நடக்காது, ஆனால் ஸ்டோன் பிரீஸ்ட் என்ற பூசாரி மந்திரம் போட்டு முன்னே தள்ளலாம். தன் நடை முடிந்த பிறகும் நகரும் ஓர் அணி, நாலு அங்குலப் படைக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது ஆடினால் புரியும்.

பொம்மை வாங்கிவிட்டவர்களுக்கு ஊர் சார்ந்த சில விஷயங்கள். ஆனி, ஆடியில் இங்கே காற்றாடிகளைச் சுழற்றும் காற்று ஸ்பிரே டப்பாவுக்கு எதிரி. அடித்த பூச்சு பொம்மையில் ஒட்டாமல் மணல் மணலாக வந்து உட்காரும். மொட்டை மாடியை மறந்துவிட்டு, அடிப்பூச்சைத் தூரிகையால் வீட்டுக்குள்ளேயே போடுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வர்ணம், தண்ணீர் விட்டு மெல்லிய பூச்சுகளாகப் போட்டால், தாராளமாக உழைக்கும். தட்டின் மேல் தூவக் கடற்கரை மணலை எடுக்காதீர்கள். உப்பு பின்னால் பூக்கும். குட்டம் பக்கத்துத் தேரி மண் கைப்பிடி இருந்தால், சலித்து, பசையில் தூவினால் போதும். அந்தச் செந்நிறத்துக்கு மேல் வர்ணமே வேண்டாம். சுரங்கத்திலிருந்து ஏறி வந்த படை என்று நம்பும்படி இருக்கும்.

இடையில் ஒரு ஆதங்கம். தாடிவைத்த இந்தச் சுரங்கக் குள்ளர்கள் வட ஐரோப்பியக் கதைகளிலிருந்து, 1937இல் வந்த டோல்கீனின் 'ஹாபிட்' வழியாக இந்த மேசைக்கு வந்தவர்கள். நம் சோழர் கோயில்களின் பூதவரியில் வயிறு பருத்து, மத்தளமும் சங்குமாக ஒரு குள்ளர் படையே வரிசையாக நிற்கிறது. அதை யாராவது முப்பரிமாண அச்சுக்கு வடித்துக் கொடுத்தால் நான் அயர்ன்கிளாட்களை அன்றைக்கே விற்றுவிடுவேன். விதிகளுக்கு ஆட்சேபம் இல்லை. தட்டின் அளவு சரியாக இருந்தால் மேலே எந்தப் பொம்மை நிற்கிறது என்பதில் இந்த விளையாட்டு பெருந்தன்மையானது.

படைப்பட்டியல் போட 'மான்டிக் கம்பேனியன்' செயலி இருக்கிறது. புள்ளிக் கணக்கை அதுவே கூட்டும். எடுக்கக்கூடாததை எடுத்தால் சொல்லிவிடும். ஆனால் எந்த அணியை எதன் பக்கத்தில் நிறுத்துவது என்பதை அது சொல்லாது. புதிதாக வருபவருக்கு வேண்டியது அதுதான். உண்மையான குறை ஆள் கிடைக்காததுதான். செட்டிகுளம், அஞ்சுகிராமம், நாகர்கோவில் என்று சுற்றினாலும் எதிரே உட்கார இன்னொருவரை நீங்களே பழக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஓரளவு மாற்று 'யுனிவர்சல் பேட்டில்': மேலிருந்து பார்க்கும் கணினி மேசை, அணிகள் வெறும் சில்லுகள். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் தூரமும் விலா எல்லையும் துல்லியமாகத் தெரிவதால், நான் மேலே சொன்ன எட்டு அங்குலக் கணக்கு கண்ணில் பதிய இதைவிட நல்ல இடம் இல்லை.

2024 ஜனவரியில் திரும்பி வந்த 'வார்ஹாம்மர்: தி ஓல்டு வேர்ல்டு' விளையாட்டிலும் குள்ளர்கள் உண்டு. அங்கே நடை இன்னும் குறைவு, மூன்று அங்குலம். மந்திரவாதி இல்லை, அதற்குப் பதில் ஆயுதத்தில் செதுக்கும் ரூன்கள். கதையும் பொம்மையும் அங்கே செழிப்பு. ஆனால் ஆள் ஆளாக எடுத்து வைக்கும் விளையாட்டு என்பதால் அட்டைத் தட்டில் பழகுவது கஷ்டம், ஒரு ஆட்டத்துக்கு நேரமும் அதிகம். இரண்டில் ஒன்று என்றால், இந்த ஊருக்கு என் ஓட்டு கிங்ஸ் ஆஃப் வாருக்கு.

தொடங்குபவர்கள் இப்படி எடுக்கலாம்: அயர்ன்கிளாட் ரெஜிமென்ட் மூன்று, இரட்டைக் கைச் சம்மட்டி ஏந்திய 'ஷீல்டுபிரேக்கர்' ஒன்று, பிராக் ரைடர் ஓர் அணி, ஒரே ஒரு பீரங்கி, ஒரு ஸ்டோன் பிரீஸ்ட். பூசாரி இருப்பதால் மண்பூதம் ஓர் அணியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மைக்குப் பணம் கட்டும் முன்பு இதே பட்டியலை அட்டையில் வெட்டி, குதிரைப்படை வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு மாதம் அடி வாங்கிப் பாருங்கள்.