அப்பா கோட்டும் அடுத்த ஊர் அறிவுரையும்

அப்பா கப்பல்ல வேலை பார்த்தவர். எண்பதுகளில் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய துணிக்கடையில் வாங்கின லெதர் ஜாக்கெட் ஒன்று எங்க வீட்ல இருக்கு. அப்பவே அது செகண்ட்ஹேண்ட். நம்ம ஊர்ல ஜாக்கெட்னா வேற அர்த்தம் என்பதால் அம்மாவுக்கு அது என்னைக்குமே 'அப்பா கோட்டு'. தூத்துக்குடி வெயில்ல அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. பீரோவுல பிளாஸ்டிக் கவருக்குள்ள ரெண்டு பாச்சா உருண்டையோட முப்பது வருசத்துக்கு மேல கிடந்தது.

அவர் போனபிறகு அது என் கைக்கு வந்தது. இனி ஒழுங்கா பராமரிக்கணும்னு முடிவு பண்ணி இணையத்துல இருந்த அறிவுரைகளை எல்லாம் படிச்சேன். தேன்மெழுகு கலந்த ஒரு கண்டிஷனர் வாங்கி, சொன்னபடி மூணு தடவை பூசினேன். பளபளன்னு இருந்தது. நவம்பர் மழை வந்தது. காலர்ல வெள்ளைப் படலம், அக்குள் பக்கம் பொட்டுப் பொட்டாக ஏதோ, பித்தளை ஜிப் ஓரத்துல பச்சையாக மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு. அம்மா பார்த்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: "எய்யா, நான் ஒண்ணுமே செய்யாம வச்சிருந்தேன். நல்லாத்தான இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை. லெதர் பராமரிப்பு அறிவுரை என்பதை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு அதை விமர்சிக்கப் பார்க்கிறேன். எழுதுபவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தத் தோலுக்கு, எந்த ஊர்க் காற்றுக்கு எழுதுகிறோம் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முதலில் எண்ணெய். "தோல் காய்ந்து போகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் கொடு" என்பதுதான் எல்லா அறிவுரைக்கும் அடித்தளம். குதிரைச் சேணம், பழைய பூட்ஸ் போல மரப்பட்டையில் பதனிட்ட கனமான தோலுக்கு, அதுவும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வறண்டுபோகும் வீடுகளுக்கு, அதில் நியாயம் இருக்கு. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை குரோம் உப்பில் பதனிட்டவை. (சென்னையின் குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான்.) இந்த வகைத் தோலுக்குத் தேவையான கொழுப்பைத் தொழிற்சாலையிலேயே பால்மம் ஆக்கி நாருக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அதன்மேல் சாயமும் பூச்சும் வருது. நாம வெளியில தேய்க்கிற எண்ணெயில் பெரும்பகுதி அந்தப் பூச்சைத் தாண்டிப் போறதில்லை. மேலயே உக்காந்து தூசியைப் பிடிக்கும், பூசணத்துக்கும் சாப்பாடாகும்.

ஜிப் ஓரத்துப் பச்சைக்கும் இதுதான் காரணம். எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாக்கும் செம்புச் சோப்பு அது. முப்பது வருசம் வராதது, நான் எண்ணெய் போட்டதும் வந்துட்டது.

இது அமெச்சூர் ஆட்கள் மட்டும் செய்த தப்பு இல்லை. லானோலின், சீடர்வுட் எண்ணெய், தேன்மெழுகு ஆகியவற்றை ஹெக்ஸேனில் கரைத்த ஒரு கலவை 'பிரிட்டிஷ் மியூசியம் லெதர் டிரெஸ்ஸிங்' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பூசப்பட்டது. பிசுபிசுப்பு, கறுத்துப்போதல், தூசி ஒட்டுதல் எல்லாம் தெரியவந்த பிறகு பாதுகாப்பு வல்லுநர்கள் அதைக் கைவிட்டார்கள். இன்று அருங்காட்சியகங்களின் பொதுப்போக்கு, தோலுக்கு எதையும் பூசாதே, சுற்றியிருக்கும் காற்றைக் கவனி என்பதுதான். வீட்டு உபயோக அறிவுரைகள் மட்டும் இன்னும் பழைய வெர்ஷனிலேயே ஓடிக்கிட்டிருக்கு. யாரும் பேட்ச் போடலை.

இதில் நம்ம மாநிலத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. லண்டன் நூலகங்களில் தோல் அட்டைகள் செம்பொடியாக உதிர்வதை ஆராய்ந்த ஒரு கமிட்டியின் அறிக்கையை ஆர்ட்ஸ் சொசைட்டி 1905-ல் வெளியிட்டது. அதில் மோசமானவை என்று ஒதுக்கப்பட்டவற்றில் இந்தியாவிலிருந்து போன தோல்களும் உண்டு. அவற்றைப் பதனிட்ட பட்டை நம்ம ஆவாரை. பட்டையில் இருக்கும் டானின் வகை, பதனிடும்போது சேர்ந்த அமிலம், கேஸ் விளக்குப் புகையிலிருந்த கந்தகம் ஆகியவைதான் அந்த அழிவுக்குக் காரணம். அமிலம் தின்ற நாரை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. ஆகவே உங்க கையில் இருப்பது தாத்தா காலத்துத் தோல் பையா, குரோம் ஜாக்கெட்டா என்று கேட்காமலே தொடங்கும் அறிவுரையை அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது ஈரம். "பீரோவுக்குள் ஒரு கிண்ணம் உப்பு வையுங்கள்" என்று ஒரு குறிப்பு. தூத்துக்குடிக்காரனிடம் போய் இதைச் சொல்லலாமா? சுத்தமான சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்க ஆரம்பிப்பதே ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான். பூசணமோ 65, 70-லேயே தொடங்கிவிடும். அதாவது காவலாளி வேலைக்கு வருவதற்குள் திருட்டு முடிஞ்சிருக்கும். உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாடியே கசியும். ஆனால் கசியும் உப்புநீர் தோலில் பட்டால் அதைவிட மோசம். போதாக்குறைக்கு நம்ம கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து படிய வைக்குது. அந்த உப்புத்தூசி படிந்த தோல் மழைக்காலத்தில் தானே ஈரத்தை இழுக்கும்.

சிலிக்கா ஜெல் நல்ல பொருள்தான். ஆனால் ஷூ டப்பாவில் வரும் ரெண்டு பொட்டலத்தை, கதவு இடுக்கு வழியாகக் காற்று புகுந்து வரும் ஸ்டீல் பீரோவுக்குள் போடுவது கடல் தண்ணியைக் கரண்டியால் இறைக்கிற கதை. காற்றுப் புகாத பெட்டி, போதுமான அளவு ஜெல், அவ்வப்போது சூடாக்கி உலர்த்தும் பொறுமை, மூணும் இருந்தால் மட்டும் செய்யலாம்.

அம்மா முறையும் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கவர் உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியே விடாது. பாச்சா உருண்டை பூச்சியை விரட்டும், பூசணத்துக்கு மருந்தில்லை. அந்த ஆவி குளிர்ந்து தோல்மேலேயே படியலாம், மணமும் போகாது. ஆனால் அம்மா எண்ணெய் தடவவில்லை. பூசணத்துக்குச் சாப்பாடு வைக்கவில்லை. கோட்டு பிழைத்ததுக்குப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அறிவுரைகளில் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. தோள் அகலத்துக்குத் தடிமனான ஹேங்கர், நேர் வெயில் கூடாது, எதையும் முதலில் மறைவான இடத்தில் சோதிப்பது, ஈரமானால் நிழலில் மெதுவாக உலர்த்துவது. இவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

நான் செய்தது இது. முதலில் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். காலர் வெள்ளை உருகி மறைந்தது, அது நான் பூசிய மெழுகு. அக்குள் பொட்டுகள் உருகவில்லை, அது பூசணம். மாஸ்க் போட்டுக்கொண்டு, மாடியில் நிழலில் மெல்லிய பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுத்தேன். ஜிப்பின் பச்சையை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். இப்போது அது பீரோவில் இல்லை. வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில், அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைத் தைத்த உறைக்குள் தொங்குது. பக்கத்தில் ஒரு ஈரப்பத மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் எண் 65-ஐத் தாண்டினால் ஃபேன் ஓடும், விடாமல் மழை பெய்தால் ஏசியை டிரை மோடில் போடுவேன். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

அக்குளில் ஒரு கறை மட்டும் நிலைத்துவிட்டது. அதை மறைக்கவும் ஒரு கிரீம் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. போன வாரம் அம்மா வேட்டியை விலக்கிப் பார்த்துட்டு, "இப்பதான் ஒழுங்கா இருக்கு, இனி தொடாத" என்றாங்க.