நக்கவாரம்: பெயரும் வருணனையும்

நிக்கோபார் என்னும் பெயர் ‘நக்கவாரம்’ என்பதன் திரிபு என்பதும், நக்கவாரம் ‘ஆடையற்றோர் நாடு’ எனப் பொருள்படும் என்பதும் தமிழாய்வில் பெரும்பாலும் ஒருசேரச் சொல்லப்படும் கருத்துகள். முன்னதற்குச் சான்று வலிது. பின்னதற்குக் காட்டப்படும் சான்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பவை.

இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் இத்தீவு ‘மானக்கவாரம்’ என வருகிறது. ‘மா’ என்பதற்குப் ‘பெரிய’ எனப் பொருள்கொண்டு இது பெரிய நிக்கோபாரையே சுட்டியது என வாதிடுவது, மெய்க்கீர்த்தி செய்யுள் என்பதை மறந்த வாசிப்பாகும். மானக்கவாரத்தின் பொழிலுக்குரிய அடை ‘தேனக்க’ என எதுகை நோக்கித் தொடங்குகிறது. அதே பட்டியலில் மாப்பப்பாளத்திற்கு முன் ‘காப்புறு’ என்பதும், மாதமாலிங்கத்திற்கு முன் ‘தீதமர்’ என்பதும் நிற்கின்றன. ‘மா’ இங்கு யாப்பு வேண்டிய அடை; தீவின் பரப்பைக் குறிக்கும் அளவுச்சொல் அன்று. அதை நீக்கினால் எஞ்சும் ‘நக்கவாரம்’ என்னும் வடிவமே மார்க்கோ போலோவின் ‘நெகுவெரான்’ என்பதற்கு நெருக்கமானது. வகரம் பகரமாகிய பின்னரே இன்றைய வடிவம் பிறந்தது.

பொருளுக்கு வரும்போது நிலைமை வேறு. வடமொழி ‘நக்ன’ என்பதன் வழிவந்த ‘நக்க’ என்னும் சொல் மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் உள்ளது. கலம் கவிழ்ந்து சாதுவன் கரையேறிய மலையில் வாழ்ந்த நாகரை அது ‘நக்க சாரணர்’ என்கிறது. ஆனால் அங்கு அச்சொல் மக்களுக்கு அடை. இடத்தின் பெயராக அது வரவில்லை. அம்மலை நிக்கோபாரே என்பது பெயரொற்றுமையால் பெறப்பட்ட ஊகம். அவ்வூகத்தைக் கொண்டே பெயரின் பொருளை நிறுவ முயல்வது வட்ட வாதமாகும்.

7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி இ-சிங் கூறும் ‘ஆடையற்றோர் நாடு’ துணைச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவர் எழுதியது கப்பல் தளத்திலிருந்து கண்ட காட்சி: படகுகளில் திரண்டு வருவோர் தேங்காய், வாழைப்பழம், பிரம்புப் பொருள்கள் கொடுத்து இரும்பு கேட்கின்றனர், ஆண்கள் ஆடையின்றியும் பெண்கள் இலை மறைத்தும் இருக்கின்றனர். இது வருணனை. தீவினர் வழங்கிய பெயரையோ தமிழர் வழங்கிய பெயரையோ அவர் மொழிபெயர்த்தார் என்பதற்கு அதில் குறிப்பில்லை. வெளியார் கண்களின் நம்பகத்தன்மையும் ஓரளவினதே. 17ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் மாலுமி ஒருவர் இத்தீவுகளில் வால் முளைத்த மனிதரைக் கண்டதாக எழுதினார். அவர் வாலெனக் கொண்டது, பின்னால் தொங்கிய கோவணத் துணியின் முனையாக இருத்தல் கூடும்.

851ஆம் ஆண்டு அரபு நூலின் ‘லங்கபாலூஸ்’ என்னும் வடிவம் மேலும் இடர் தருவது. அதை நக்கவாரத்தின் சிதைவு என்போர் முதலெழுத்தின் லகரத்தை விளக்க வேண்டும். ‘பாலூஸ்’ என்றே தனியோர் இடத்தை இப்னு குர்தாத்பிஹ் குறிப்பதால், ஈறும் எளிதில் அடங்குவதில்லை. தமிழ் வடிவத்தின் ஈறும் இவ்வாறே விளக்கமின்றி விடப்பட்டுள்ளது. அடிவாரம், தாழ்வாரம் என்பவற்றிலுள்ள ‘வாரம்’ மக்கட்பெயரோடு சேர்ந்து நாட்டைக் குறிக்கும் வழக்குக்கு இணைச்சான்று காட்டாமல், முற்பாதியின் பொருளை முழுப்பெயரின் பொருளாக்குதல் முறையன்று.

தீவினர் மொழியிலிருந்து வந்த ஒரு பெயரைத் தமிழ் வணிகர் தமக்குத் தெரிந்த சொல்லாகக் கேட்டிருக்கலாம் என்னும் வாய்ப்பு இதனால் திறந்தே உள்ளது. நடுத்தீவுக் கூட்டத்திலுள்ள ‘நங்கவுரி’ இங்கு நினைவுக்கு வரும். ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே நம்பினால் மறுக்கப்பட்ட பிழையே திரும்பவும் நேரும். தரங்கம்பாடியிலிருந்து ஆண்ட டேனியர் 1756இல் தம் மன்னர் பெயரால் இட்ட ‘பிரெடரிக் தீவுகள்’ வழக்கிழந்தது. கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் ‘பூ’ என்கின்றனர். ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்தம் மொழியின் இடப்பெயர்களைத் தொகுத்து ஒப்பிடாதவரை, ‘ஆடையற்றோர் நாடு’ என்பதை அகராதிப் பொருளாக அன்றி மரபுவழி விளக்கமாக மட்டுமே குறித்தல் தகும்.